சோலார் வாட்டர் ஹீட்டர்: நாமே மாட்டுவதா, பிளம்பரை வைப்பதா, கம்பெனியிடம் விடுவதா?

போன மாதம் ஹொரமாவிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, 200 லிட்டர் சோலார் கிட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். வீடியோல ரெண்டு மணி நேரத்துல மாட்டிடறாங்க. நானே மாட்டிடட்டுமா, இல்ல ஆள் வைக்கணுமா?" என்றான். பெங்களூரில் தனி வீடு வைத்திருக்கும் நம் ஆட்களில் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "வீட்டுக்கு வரேன், முதல்ல மாடிக்குப் போய் அளந்து பாத்துடலாம்" என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்வது.

நான் மூன்று வழியையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ராமமூர்த்தி நகரில் என் வீட்டுக்கு 2016-ல் நானே மாட்டினேன். தங்கை வீட்டில் பொருளை நாங்கள் வாங்கிக் கொடுக்க, பிளம்பர் வேலை செய்தார். அல்சூரில் நண்பர் வீட்டுக்குக் கம்பெனி ஆட்கள் வந்து மாட்டினார்கள். மூன்றும் இன்றைக்கும் ஓடுகின்றன. என் அனுபவத்தில் கிட்டைக் கோப்பது சுலபம். குழாய் வேலைதான் கஷ்டம். அதனால் எந்த வழி என்பதைக் கடை விலையை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் மொட்டை மாடியை வைத்து முடிவு செய்யுங்கள்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஓவர்ஹெட் டேங்கின் உயரம். பெரும்பாலான வீடுகளில் மாட்டுவது பிரஷர் இல்லாத டியூப் மாடல், அதாவது டேங்குக்குக் கீழே வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் சாய்ந்திருப்பது. அதில் சுடுதண்ணீர் டேங்கின் உச்சியிலிருந்துதான் வெளியே கிளம்பும். அது கிளம்ப வேண்டுமென்றால், கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்து தள்ள வேண்டும். மோட்டார் எதுவும் கிடையாது, உயர வித்தியாசம்தான் தள்ளுகிறது. ஆகவே ஓவர்ஹெட் டேங்கின் அடிப்பாகம், சோலார் டேங்கின் உச்சியை விடக் குறைந்தது ஒரு அடியாவது மேலே இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டு மாடியில் லெவல் டியூப் (மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துப் பார்த்தோம். ஒரு முனையை அவன் சின்டெக்ஸ் டேங்க் பக்கம் பிடித்தான், மறுமுனையை சோலார் வரப்போகும் இடத்தில் நான் பிடித்தேன். சோலார் டேங்கின் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து அடிக்கு வரும். அவனுடைய சின்டெக்ஸ் மூன்று அடி செங்கல் மேடையில் உட்கார்ந்திருந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். காலையில் நாலு பேர் குளித்து, பாத்திரம் கழுவி, டேங்க் பாதியானதும் தண்ணீர் மட்டம் ஐந்து அடிக்குக் கீழே போய்விடும். அந்த நிமிடமே சுடுதண்ணீர் நின்றுபோகும், பச்சைத் தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும். "மேலே கொதிக்குது, கீழே வரலையே" என்று புலம்பும் வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கிட்டை ஆர்டர் செய்யும் முன்பே இதை அளந்துவிடுங்கள். மாடிப்படி ரூமின் தலைமேல் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இருக்காது.

குழாய் போகும் வழி. மாடியிலிருந்து பாத்ரூம் வரை சுடுதண்ணீர்க் குழாய் ஏற்கெனவே சுவருக்குள் போட்டிருக்கிறதா, அல்லது வெளிச்சுவரில் புதிதாக இறக்க வேண்டுமா? வெளிச்சுவர் என்றால் ஏணியிலோ கயிற்றிலோ தொங்கி வேலை செய்ய வேண்டியிருக்கும். அது பழகிய ஆள் செய்ய வேண்டிய வேலை. இந்த ஒரு கேள்விக்கான பதிலே பல வீடுகளில் நாமே மாட்டும் வழியை அடித்துவிடும்.

குழாயின் நீளத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. முக்கால் அங்குல சி.பி.வி.சி. (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடியிலிருந்து கீழ் பாத்ரூமுக்கு 20 மீட்டர் என்றால், சுடுதண்ணீர் வரும் முன் 5 லிட்டர் ஆறிய தண்ணீர் ஓடும். நாலு பேர் வெவ்வேறு நேரத்தில் குளித்தால் தினம் ஒரு பெரிய வாளி. 2024 கோடையில் டேங்கருக்காகத் தெருவில் காத்து நின்ற ஊர் இது. அந்த வாளியைப் பிடித்து வைத்துப் பாத்திரத்துக்கோ துணிக்கோ பயன்படுத்தலாம், ஆனால் முதலிலேயே சோலாரை பாத்ரூமுக்கு நேர் மேலே வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர். காவிரித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் போர் தண்ணீரை மட்டும் நம்பும் வீட்டுக்கும் ஒரே மாடல் ஒத்துவராது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம். புறநகர்ப் பக்கத்தில் பல போர்கள் இந்த மேல் எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. பேனல் மாடலில் தண்ணீர் மெல்லிய செம்புக் குழாய்களுக்குள் ஓடும். உப்பு படிந்தால் அடைத்துக்கொள்ளும். டியூப் மாடலில் கண்ணாடிக் குழாயைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டலாம். எனவே போர் தண்ணீர் என்றால் டியூப் மாடல், நல்ல காவிரித் தண்ணீர் என்றால் பேனல் மாடலையும் யோசிக்கலாம். மெல்லிய ஸ்டீல் டேங்குகளில் போர் தண்ணீரால் வெல்டிங் ஓரம் பொடி ஓட்டை விழும். உள்ளே கிளாஸ் கோட்டிங் கொடுத்து, அரிப்பைத் தடுக்க மெக்னீசியம் ராடு போட்ட டேங்க் கொஞ்சம் விலை கூடினாலும் நிற்கும். அந்த ராடு கரைந்துபோகும் பொருள், இடையிடையே மாற்ற வேண்டும்.

பிரஷர் பம்ப் இருக்கிறதா. ஷவருக்காகச் சிலர் பம்ப் போட்டிருப்பார்கள். பிரஷர் இல்லாத டேங்கை அந்த லைனில் சேர்த்தால் டேங்க் உப்பி வெடிக்கும். பம்ப் இருக்கும் வீட்டில் பிரஷர் தாங்கும் மாடல்தான் வேண்டும். அங்கே நாமே மாட்டும் பேச்சே வேண்டாம்.

பணம், நேரம், வாரண்டி எல்லாம் இதற்கு அப்புறம்.

## வழி ஒன்று: நாமே மாட்டுவது

கிட்டைக் கோப்பது உண்மையிலேயே நிறைவான வேலை. ஸ்டாண்டை நட்டுபோல்ட் போட்டு நிறுத்தி, டேங்கை ஏற்றி, தெற்கு பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், நமக்குச் சுடுதண்ணீர் அதிகம் தேவைப்படும் டிசம்பர், ஜனவரிக்காகக் குழாய்கள் 20 முதல் 25 டிகிரி வரை சாய்ந்திருந்தால் நல்லது. கண்ணாடிக் குழாயின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, மெல்லத் திருகித் திருகி ரப்பர் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். எண்ணெய் தடவினால் ரப்பர் கெட்டுவிடும். குழாயின் அடி நுனி உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கும். எந்தக் குழாயின் நுனி பால் மாதிரி வெளுத்திருக்கிறதோ, அதில் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். மாட்டும் முன்பே எல்லாக் குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெளுத்ததைக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

என் தவறு குழாய் வேலையில் நடந்தது. சோலாருக்கான குளிர்ந்த தண்ணீர் லைனை ஓவர்ஹெட் டேங்கிலிருந்து தனியாக எடுக்காமல், வீட்டுக்கு இறங்கும் லைனிலேயே ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு எடுத்தேன். தண்ணீரைத் திரும்பி ஓடவிடாத என்.ஆர்.வி. வால்வும் போடவில்லை. ஆறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. பொங்கலுக்கு ஊத்தங்கரை கிளம்பும் அன்று துணி துவைத்து, வீடு கழுவி, ஓவர்ஹெட் டேங்க் காலியானது. சமையலறைப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்த மனைவி, "இதுல ஏங்க சுடுதண்ணி வருது?" என்றாள். மேலே டேங்க் காலி, கீழே குழாய் திறந்திருக்கிறது, நடுவில் தடுக்க வால்வு இல்லை. சோலார் டேங்கில் இருந்த தண்ணீர் முழுக்கப் பின்னால் இறங்கிப் போயிற்று. அவசரத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டோம்.

ஐந்து நாள் வெயிலில் குழாய்களுக்குள் தங்கியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகி, மேல் பாதி வெறும் கண்ணாடியாகக் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து காலை பதினொன்றரை மணிக்கு மோட்டார் போட்டேன். டேங்க் நிறைந்து சோலாருக்குத் தண்ணீர் போகத் தொடங்கியதும் மாடியில் "டப்" என்று ஒரு சத்தம், அடுத்து இரண்டு. ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று குழாய்கள் வாய்ப்பக்கம் உடைந்து, சூடான தண்ணீரும் கண்ணாடித் துண்டும் மாடித் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. வழக்கமாக என் பெண் அங்கேதான் துணி காயப்போடுவாள். அன்று அவள் இல்லை.

அதிலிருந்து என் வீட்டில் கட்டாய விதிகள்: சோலாருக்கு ஓவர்ஹெட் டேங்கிலிருந்து தனி அவுட்லெட், அந்த லைனில் என்.ஆர்.வி., காய்ந்த குழாய்க்கு வெயில் நேரத்தில் ஒருபோதும் தண்ணீர் விடாமல் இருப்பது. புதிதாக மாட்டும்போதும் குழாய்களைச் சாக்குப் போட்டு மூடி வைத்து, விடிகாலையில் தண்ணீர் நிரப்புங்கள்.

அடுத்தது ஏர் வென்ட். சோலார் டேங்கின் உச்சியிலிருந்து மேலே நீளும் அந்தத் திறந்த குழாயைச் சிலர் தேவையில்லாதது என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். அது டேங்க் மூச்சு விடும் மூக்கு. மூடினால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி டேங்க் வீங்கும், தண்ணீர் இறங்கும்போது காற்று நுழைய வழியில்லாமல் டேங்க் நசுங்கும். அதன் நுனி, ஓவர்ஹெட் டேங்க் நிறைந்திருக்கும் மட்டத்தை விடவும் உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் ராத்திரி முழுக்க மாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.

குழாய் வகையிலும் கவனம் வேண்டும். சாதாரண பி.வி.சி. சுடுதண்ணீருக்கு வளைந்துவிடும். சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். ஆனால் சூட்டில் நீளும்: 10 மீட்டர் நேர் குழாய் 40 டிகிரி சூடேறினால் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீளும். இரண்டு பக்கமும் இறுக்கிக் கிளாம்ப் அடித்துவிட்டால் நடுவில் வில் போல் வளைந்து, கடைசியில் ஏதாவது ஒரு எல்போவில் கசியும். நடுவே ஒரு வளைவு விட்டுவிட வேண்டும். வெயில் படும் இடத்தில் குழாய் மேல் நுரை உறையும், அதற்கு மேல் அலுமினியம் டேப்பும் சுற்ற வேண்டும். இது இல்லாமல் மாட்டிய சோலாரில் நிறையச் சூடு வழியிலேயே போய்விடும்.

மறைமுகச் செலவு இதில் பொருளைவிட நேரம்தான். எனக்கு இரண்டு சனி ஞாயிறு முழுதாகப் போனது. விட்டுப்போன யூனியனுக்கும் ரெடியூசருக்கும் எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளுக்கு நாலு தடவை அலைந்தேன். வாரண்டியும் பலவீனம்தான். கம்பெனி ஆள் மாட்டாத டேங்க் ஓட்டையானால், "நீங்க தப்பா மாட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட அவர்களுக்கு இடம் இருக்கிறது.

இந்த வழி யாருக்கு நல்லது? டேங்க் உயரம் தாராளமாக இருக்கிறது, சுவருக்குள் சுடுதண்ணீர் லைன் மாடி வரை வந்து மூடி போட்டுக் காத்திருக்கிறது, 100 லிட்டர் போதும், குழாய் ஒட்டிப் பழகிய கை, கூடத் தூக்க இரண்டு பேர். இத்தனையும் சேர்ந்தால் நீங்களே மாட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த வழிக்குப் போங்கள்.

எந்த வழியானாலும் டேங்குக்குள் வைக்கும் மின்சார ஹீட்டரை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் 9 ஆம்பியர் இழுக்கும். மாடியில், மழையில், தண்ணீரோடு ஒட்டி இருக்கும் பொருள் அது. சரியான எர்த்தும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் அதற்கு இணைப்பே கொடுக்கக் கூடாது. இந்த விஷயத்தில் யார் வீட்டிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

## வழி இரண்டு: பொருள் நாம், கை பிளம்பர்

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் என் சிபாரிசு. ஆனால் "பிளம்பர்கிட்ட விட்டுட்டேன்" என்று ஆபீஸ் போய்விட்டால் இந்த வழியின் பலன் கிடைக்காது. கூட நிற்க வேண்டும்.

தங்கை வீட்டுக்கு வந்த பிளம்பர் அண்ணன் கே.ஆர். புரத்துக்காரர். பைப் வேலையில் தேர்ந்த கை. ஒட்டிய பிறகு குழாயைக் கால் திருகு திருகி, பத்து எண்ணும் வரை பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் சோலார் அவருக்குப் புதிது. ஏர் வென்ட்டை அரை அடியில் வெட்டி முடிக்கப் போனார். "அண்ணா, டேங்க் மட்டத்துக்கு மேல ஏத்திடுங்க, இல்லன்னா ராத்திரி வழியும்" என்றேன். லெவல் டியூப் வைத்துக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர் மட்டும் செய்திருந்தாலும் அந்த வேலை கெட்டிருக்கும்.

ஆகவே முன்கூட்டியே ஒரு தாளில் படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்: தனி அவுட்லெட், பால் வால்வு (திறந்து மூடும் வால்வு), என்.ஆர்.வி., சோலார் டேங்க், ஏர் வென்ட், சுடுதண்ணீர் இறங்கும் வழி, கழுவி விடும் வால்வு. இந்த ஏழும் எந்த வரிசையில், எந்த உயரத்தில் என்று எழுதி பிளம்பர் கையில் கொடுத்தால், அவர் வேலையும் வேகமாக நடக்கும். கூலியை நாள் கணக்கில் பேசாமல் மொத்தமாகப் பேசுங்கள். தண்ணீர் விட்டு ஒரு வாரம் கசியாமல் இருந்த பிறகு கடைசித் தவணை என்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்டாண்டை நிறுத்துவதில் ஒரு எச்சரிக்கை. 200 லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ, ஸ்டாண்டும் கண்ணாடியும் தனி. கனம் இருப்பதால் அசையாது என்று விட்டுவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு வரும் காற்று பெங்களூரில் மரத்தையே சாய்க்கிறது, டேங்க் காலியாக இருக்கும் நாளில் அந்தக் காற்று வந்தால் ஸ்டாண்டே புரளும். அதற்காகத் தளத்தில் ஓட்டை போட்டு போல்ட் அடித்தால் வாட்டர்ப்ரூஃபிங் கிழிந்து, அடுத்த மழைக்குக் கீழ் ரூம் சீலிங் ஒழுகும். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் ஒரு கான்கிரீட் கட்டைக்குள் வைத்து வார்த்துவிடுங்கள். தளத்தில் ஓட்டை போடாமலே நிற்கும். பக்கத்து வீட்டுத் தென்னை உங்கள் மாடியை எட்டிப் பார்த்தால், ஒரு காய்ந்த மட்டை போதும் இரண்டு குழாயை உடைக்க. இடத்தைத் தள்ளி வையுங்கள்.

மறைமுகச் செலவு: வாரண்டி இரண்டாகப் பிரியும். டேங்க் கெட்டால் கடைக்காரர் பிளம்பரைச் சொல்வார், பிளம்பர் டேங்கைச் சொல்வார். ஜி.எஸ்.டி. பில்லும், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோக்களும் பத்திரமாக இருந்தால் இந்த இழுபறி குறையும்.

## வழி மூன்று: கம்பெனி ஆட்கள்

இடம் கஷ்டமான வீட்டுக்கு இதுவே சரி. அல்சூர் நண்பர் வீடு இரண்டடி அகல வளைவுப் படிக்கட்டு, மூன்று மாடி, சந்துக்குள் வீடு. ஆறடி நீளக் கண்ணாடிக் குழாய்களை அந்தப் படியில் கொண்டுபோவதே முடியாது. கம்பெனி ஆட்கள் நாலு பேர் வந்து, தெருப்பக்கம் கயிறு கட்டி டேங்கை ஏற்றினார்கள். குழாய்ப் பெட்டியை ஒவ்வொரு மாடி பால்கனியிலும் ஒருவர் நின்று கைமாற்றி மேலே கொடுத்தார்கள். ஒன்றும் உடையவில்லை. அதைப் பார்த்த பிறகு, இது போன்ற வீட்டுக்கு "நீங்களே மாட்டுங்க" என்று நான் சொல்லியிருந்தால் எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது.

ஆனால் கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்றால் பெரும்பாலும் கிட்டைக் கோத்து நிறுத்துவது வரைதான். ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வரும் லைன், பாத்ரூமுக்கு இறங்கும் லைன், நுரை உறை, வால்வுகள், எல்லாம் மீட்டர் கணக்கில் தனி. நண்பர் வீட்டில் அந்தத் தனிக்கணக்கு கிட் விலையில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. வாரண்டியிலும் பொடி எழுத்து உண்டு. கண்ணாடி உடைந்தால் பெரும்பாலும் கிடையாது, உப்புப் படிவால் வரும் கோளாறும் பல இடங்களில் கிடையாது. "எங்க வீட்ல போர் தண்ணி, இதுக்கும் டேங்க் வாரண்டி உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரஷர் பம்ப் உள்ள வீடு, 300 லிட்டருக்கு மேல், இரண்டு மூன்று குடித்தனம் சேர்ந்த வீடு, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, இவர்கள் யோசிக்காமல் கம்பெனியிடம் போகலாம். கர்நாடகத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனையில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயம் என்பதால், அங்கேயும் முறையான பில்லோடு கம்பெனி வேலை வசதி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

தொகைகள் 200 லிட்டர் டியூப் மாடலுக்கு, நான் பார்த்த கொட்டேஷன்களை வைத்துத் தோராயமாக.

| | நாமே | பிளம்பர் | கம்பெனி |
|---|---|---|---|
| கிட் | 25,000 முதல் 35,000 | அதே | சற்றே கூடுதல் |
| குழாய், வால்வு, உறை | 4,000 முதல் 8,000 | அதே | மீட்டர் கணக்கு, கூடுதலாகவே வரும் |
| கூலி | இல்லை | 4,000 முதல் 6,000 | கோப்பது இலவசம், குழாய் வேலை தனி |
| நம் நேரம் | இரண்டு வார இறுதி | ஒன்றரை நாள் கூட நிற்க | அரை நாள் |
| வாரண்டி | பலவீனம் | பில் இருந்தால் பாதி | பொடி எழுத்து போக மீதி |
| பெரிய ஆபத்து | குழாய் இணைப்பு தப்பினால் கண்ணாடி உடையும் | சோலார் தெரியாத பிளம்பர் | படிக்காத கொட்டேஷன் |
| ஒத்துவரும் வீடு | லைன் ஏற்கெனவே உள்ள, 100 லிட்டர் வீடு | சாதாரணத் தனி வீடு | குறுகிய படி, பம்ப், பெரிய டேங்க் |

## பணக் கணக்கு உண்மையில் எவ்வளவு

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 4 யூனிட் மின்சாரம் வேண்டும். நாலு பேர் வாளியில் குளிக்கும் வீட்டில் கீசருக்கு, வீணாவதையும் சேர்த்து, தினம் இரண்டு இரண்டரை யூனிட் ஆகும். மாதம் 60 முதல் 75. யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் 400 ரூபாய்ச் சொச்சம்தான். இதை மட்டும் பார்த்தால் போட்ட பணம் திரும்ப ஏழெட்டு வருடமாகும். ஷவரில் குளிக்கும் வீட்டில் மிச்சம் இரட்டிப்பாகும்.

பெங்களூரில் வேறொரு கணக்கும் இருக்கிறது. 2023-ல் வந்த கர்நாடக அரசின் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் உங்கள் வீட்டுப் பழைய சராசரியை ஒட்டி, அதிகபட்சம் 200 யூனிட் வரை இலவசம். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். கீசரால் 230, 240 என்று தாண்டும் வீட்டில், சோலார் வந்தால் எண்ணிக்கை 170-க்கு இறங்கலாம். அப்போது மிச்சம் ஆயிரத்துக்கு மேல் போகும். கடைசி ஒரு வருட பெஸ்காம் (மின்சார நிறுவனம்) பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள், குறிப்பாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதே நேரம், ஏற்கெனவே 120 யூனிட்டில் நிற்கும் வீட்டில் அதுவும் வரம்புக்குள் இருந்தால், பண மிச்சம் என்று எதுவும் வராது. அவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மானியம் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு, வாட்டர் ஹீட்டருக்கு இல்லை. விற்கும்போது இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் வாட்டர் ஹீட்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய கொட்டேஷன் கையில் வைத்திருந்தால் புதிதாகக் கேளுங்கள்.

பேக்கப் ஹீட்டரும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். ஜூலை, ஆகஸ்டில் நாள் கணக்கில் மேகம் மூடும்போது போடுவதற்காக இருக்கும் அதன் சுவிட்ச் ராத்திரி முழுக்க எரிந்தால், கீசரை விட அதிகம் செலவாகும். 20 லிட்டருக்குப் பதில் 200 லிட்டரைச் சூடாக்குகிறோம் இல்லையா. பாத்ரூமிலேயே பழைய கீசர் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். மேக நாளில் அதுவே போதும், மாடிக்கு ஒயர் இழுக்கும் செலவும் ஆபத்தும் இல்லை.

மாட்டி முடித்த பிறகு தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தால் உடனே சோலாரைக் குறை சொல்லாதீர்கள். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் பாத்ரூம் மிக்சரின் இரண்டு திருகும் திறந்திருந்து, முன்னால் ஷவர் குழாயில் மட்டும் மூடியிருந்தால், பச்சைத் தண்ணீர் மிக்சர் வழியாகச் சுடுதண்ணீர் லைனுக்குள் ஏறிவிடும். இதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மாடி ஏறுங்கள்.

## மாப்பிள்ளை எடுத்த முடிவு

அவன் வீட்டில் சுடுதண்ணீர் லைன் சுவருக்குள் மாடி வரை வந்திருந்தது. நானே மாட்டலாம் என்ற அவன் ஆசைக்கு அது சாதகம். ஆனால் மூன்று அடி மேடை அதைத் தடுத்தது. முதல் வேலையாக சின்டெக்ஸ் டேங்கை இறக்கி, மேடையை ஆறு அடிக்கு உயர்த்திக் கட்டினோம். கொத்தனார் கூலி, செங்கல், சிமெண்ட் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். இது எந்தக் கொட்டேஷனிலும் வராத செலவு. டேங்கை இறக்கியது இறக்கியாயிற்று என்று, சோலாருக்கான தனி அவுட்லெட்டையும் அப்போதே போட்டாகிவிட்டது.

ஸ்டாண்டையும் கண்ணாடிக் குழாய்களையும் அவனே கோத்தான். நான் பக்கத்தில் நின்றேனே தவிர கை வைக்கவில்லை. குழாய் வேலைக்குத் தங்கை வீட்டுக்கு வந்த அதே கே.ஆர். புரம் அண்ணனைக் கூப்பிட்டோம். இந்த முறை ஏர் வென்ட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவரே லெவல் டியூப் எடுத்து வந்திருந்தார். ஒட்டிய இடமெல்லாம் ஒரு நாள் காயட்டும் என்று குழாய்கள் மேல் சாக்குப் போட்டு மூடிவிட்டு இறங்கினோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன், அவன் அம்மா வந்து பால் வால்வைத் திறந்தாள்.